“சிஸ்டர்கிட்ட சொன்னா போதும்”... சின்ன கிறிஸ்தவப் பள்ளியில் பெற்றோருக்கு என்ன உரிமை இருக்கு?

காலை ஏழே முக்கால் மணி. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், வாலிகண்டபுரம் நிறுத்தத்தில் ஷூ, டை, கையில் லஞ்ச் பேக் சகிதம் பிள்ளைகள் நிற்பார்கள். கூடவே ஒரு அம்மா, இல்லையென்றால் தாத்தா. அப்பா பெரும்பாலும் இருக்க மாட்டார். லாரியில் இருப்பார், அல்லது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். வேன் வந்ததும் பிள்ளை ஏறும். “மிஸ்கிட்ட டைரியைக் காட்டு, மறந்துடாத” என்று பின்னாலேயே ஒரு குரல் போகும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஊர் நிறுத்தத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான்.

அந்த வேன்களில் சிலவற்றின் நெற்றியில் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். எல்.கே.ஜி.யில் ஆரம்பித்து ஐந்தாவது, மிஞ்சிப்போனால் எட்டாவது வரை. மொத்தமே நூற்றைம்பது, இருநூறு பிள்ளைகள். கன்னியர் சபையோ, மறைமாவட்டமோ, ஒரு போதகரின் அறக்கட்டளையோ நடத்துவது. ஊர்க்காரர்களுக்கு போர்டில் எழுதியிருக்கும் முழுப் பெயர் தேவையில்லை. ‘சிஸ்டர் ஸ்கூல்’, ‘ஃபாதர் ஸ்கூல்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே ஆள் குறைவான மாவட்டம் பெரம்பலூர். மொத்தம் 5.65 லட்சம் பேர். சென்னையில் ஒரு பள்ளி பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. வேன் போகிற பாதையில் இருக்கும் இரண்டு, மூன்று பள்ளிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் அந்தப் பள்ளியில் ஒரு பெற்றோருக்கு எதைக் கேட்கும் உரிமை இருக்கிறது, எது வெறும் தயவில் நடக்கிறது என்பது இங்கே கொஞ்சம் பெரிய கேள்வி.

ஏன் இந்தப் பள்ளியைத் தேடிப் போகிறார்கள்?

முதல் பதில் இங்கிலீஷ். ஆனால் அது பாதி பதில்தான். அரசுப் பள்ளிகளிலேயே 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. சமச்சீர் கல்வி 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான பிறகு, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பு வரை பாடத்திட்டம் ஒன்றுதான். வித்தியாசம் புத்தகத்தில் இல்லை.

பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தால் வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும். “மிஸ்ஸுக்கு எம்புள்ளை பேர் தெரியும்.” ஒரு வகுப்பில் இருபது பேர் இருந்தால் யார் சாப்பிடவில்லை, யார் இரண்டு நாளாக வரவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் போன் வரும். மக்காச்சோளம் அறுவடை முடிந்து காசு கைக்கு வரட்டும் என்று இரண்டாம் தவணை ஃபீஸுக்கு அவகாசம் கொடுக்கும் கரஸ்பாண்டென்ட் இருப்பார். சின்ன வெங்காயம் விலை படுத்துவிட்ட வருஷம், அந்த அவகாசம் இன்னும் நீளும். எந்த சர்க்குலரும் இல்லை, எந்த ரசீதிலும் இல்லை. சிஸ்டரிடம் போய்ச் சொன்னால் போதும்.

பிள்ளைகளின் நினைவு இன்னும் சுவாரசியமானது. காலை அசெம்பிளியில் ஜெபம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பாக தாடி ஒட்டிக்கொண்ட இந்துப் பையன், தேவதையாக வெள்ளைச் சட்டை போட்ட முஸ்லிம் பெண், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிடைக்கும் கேக். கத்தோலிக்கப் பள்ளி என்றால் ஒரு பீரியடில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு ‘மாரல் சயின்ஸ்’. வளர்ந்த பிறகும் ஜெபப் பாட்டு வாயில் வரும்; நெற்றியில் விபூதியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சண்டை இருந்ததாக அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

இதெல்லாம் உண்மை. இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமும் இல்லை.

உறவு கெட்டால்?

சிக்கல் ஆரம்பிக்கும் இடமும் இதே நெருக்கம்தான். அவகாசம் கொடுத்தவரிடமே போய், “எம்பையனை ஏன் அடிச்சீங்க?” என்று கேட்பது கஷ்டம். நடு வருஷத்தில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாக ஆள் போடவில்லை என்றால், அதைக் கேட்கவும் தயக்கம். சம்பளம் குறைவு, டீச்சர் நிற்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தமிழில் பேசினால் அபராதம் என்ற விதி எரிச்சலாக இருக்கும். இங்கிலீஷுக்காகத்தானே சேர்த்தோம் என்று வாய் மூடிக்கொள்வார்கள். புகார் சொல்லப்போகும் அம்மாக்கள் பேச்சை ஆரம்பிக்கும் விதத்தைக் கவனித்தாலே விஷயம் புரியும். “சிஸ்டர் நல்லவங்கதான், ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வரும் வாக்கியத்தைச் சொல்ல முறையான ஒரு இடம் பல சின்னப் பள்ளிகளில் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கும். ரேங்க் கார்டு கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அதோடு முடிந்தது. நிர்வாகி, தலைமையாசிரியர், புகாரை விசாரிப்பவர் மூன்றும் ஒருவரே.

எல்லா சின்னத் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்துமே, கிறிஸ்தவப் பள்ளியை மட்டும் ஏன் இழுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பழக்கத்தில் வித்தியாசம் இல்லை. சட்டத்தில்தான் வித்தியாசம்.

போர்டில் இருக்கும் ‘சிறுபான்மை’ என்ற சொல்

பள்ளிப் பெயருக்குக் கீழே ‘சிறுபான்மை நிறுவனம்’ என்று எழுதியிருப்பதைப் பெற்றோர் ‘சர்ச் நடத்துற ஸ்கூல்’ என்று மட்டும் வாசிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது.

அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு, மத, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. பெரும்பான்மை மனசு மாறினாலும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளைத் தன் வழியில் படிக்கவைக்க முடியணும் என்பதுதான் அதன் நோக்கம். அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை.

2010 ஏப்ரல் 1-ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு 25% இடம், சேர்க்கைக்கு நேர்காணல் கூடாது, நன்கொடை கூடாது, அடிக்கக் கூடாது, ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று பல விஷயங்களை ஒரே சட்டத்தில் கட்டிவைத்தார்கள். 2012-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. 2014 மே 6-ல், ‘பிரமதி’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. உதவி பெறும் பள்ளியோ பெறாத பள்ளியோ, சிறுபான்மைப் பள்ளி என்றாலே இந்தச் சட்டம் முழுவதுமாகப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

‘முழுவதுமாக’ என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. 25% இடஒதுக்கீடு ஒரு பள்ளியின் நிர்வாக உரிமையில் கைவைக்கிறது என்று வாதாடலாம். ‘பிள்ளையை அடிக்காதே’ என்பது எந்தச் சமூகத்தின் எந்த அடையாளத்தைக் கெடுக்கும்? ஒரு கட்டு விறகில் ஒன்று ஈரம் என்பதற்காக மொத்தக் கட்டையும் தூக்கிப்போட்ட மாதிரிதான் இது.

உச்ச நீதிமன்றத்துக்கே இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1-ல், ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பான வழக்கில் நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு, பிரமதி தீர்ப்பு சரிதானா என்று கேள்வி எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி தலைமை நீதிபதியிடம் விட்டது. தமிழ்நாட்டில் அன்றைக்கு எல்லோரும் பேசியது டெட் தேர்வைப் பற்றித்தான். பணியில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் வேலை விஷயம், பேசத்தான் செய்வார்கள். ஆனால் அதே தீர்ப்பின் மறுபாதியில் இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்தப் பிள்ளைகள் யார்? தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், நாடு முழுக்கக் கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்பவர்களில் 74.01% பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்தால், சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிள்ளைகள் 8.76% மட்டுமே. ஆணையம் சொல்லும் எல்லாத் தீர்வுகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் எண், பெரம்பலூர்க்காரர் யாருக்கும் ஆச்சரியம் தராது. வேனில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆறாம் வகுப்பு என்ற ஜங்ஷன்

இந்த விலக்கு வீட்டுக்குள் எப்படி வந்து இறங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்.

தமிழ்நாட்டில் 2020-ல் வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்பில் 7.5% உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது நீண்டது. நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் தகுதி உண்டு.

ஒரே தெருவில் இரண்டு கூலித் தொழிலாளி வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை சாதாரண மெட்ரிக் பள்ளியில் 25% இடத்தில் எட்டாவது வரை படிக்கிறது. இன்னொரு பிள்ளை, சிறுபான்மைப் பள்ளியில் ஃபீஸ் கட்டி எட்டாவது வரை படிக்கிறது. ஒன்பதாவதில் இரண்டும் அதே அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வருகின்றன. முதல் பிள்ளைக்கு 7.5% உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. காரணம், இரண்டாவது பிள்ளை படித்த பள்ளியில் 25% என்ற கதவே இல்லை. எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கும்போது இதை எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. சொல்லக் கடமையும் இல்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு. அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். காலை உணவும் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இங்கே பல பெற்றோர் குழம்புகிறார்கள். சர்ச் காம்பவுண்டுக்குள் இருக்கும் பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளி அரசு உதவி பெறுவதாக இருக்கலாம். அதே காம்பவுண்டில் பக்கத்துக் கட்டடம் சுயநிதிப் பள்ளியாக இருக்கலாம். இரண்டிலும் அதே சிஸ்டர்தான் தெரிவார். போர்டில் ‘அரசு உதவி பெறும்’ என்ற மூன்று வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பதில் பிள்ளையின் அடுத்த பத்து வருஷம் அடங்கியிருக்கிறது.

அதனால்தான் ஐந்தாம் வகுப்பு முடியும் மே மாதம் இந்தப் பள்ளிகளில் பதற்றமான மாதம். பெற்றோர் டி.சி. கேட்பார்கள். பள்ளிக்கோ ஒரு வகுப்பே காலியாகும் பயம். “இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே” என்று அன்பாக ஆரம்பிக்கும். பாக்கி ஃபீஸ் கணக்கு வெளியே வரும். எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிப்பது ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுக்கும்.

இங்கே பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளையை அனுப்பும் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாமல் போகலாம். சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளிக்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்துக்காக எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையின் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, அதில் ஃபீஸ் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சொன்னது. ஆக, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேராகப் போய் நிற்பதுதான் முதல் வேலை. அங்கேயும் இழுத்தால் வட்டாரக் கல்வி அலுவலர்.

ஜெபம், பொட்டு, மருதாணி

வெளியூர்க்காரர்கள் இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது மதம். உள்ளூர்ப் பெற்றோர் கடைசியாகத்தான் அதற்கு வருவார்கள். அதற்காக அது இல்லாத பிரச்னை என்று சொல்லிவிட முடியாது.

பஞ்சாயத்து பெரும்பாலும் வேதப் பாடத்தில் கிளம்பாது. பொங்கலுக்குப் பாட்டி வைத்துவிட்ட மருதாணியில் கிளம்பும். சபரிமலைக்கு மாலை போட்ட ஆறாம் வகுப்புப் பையனின் கறுப்பு வேட்டியில் கிளம்பும். பூ, வளையல், ஸ்டிக்கர் பொட்டு, ரமலான் மாதம் நோன்பிருக்கும் பிள்ளையை பி.டி. பீரியடில் ஓடவிட்டது. பள்ளி இதை யூனிஃபார்ம் விதி என்று சொல்லும். வீடு இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். நடுவில் தலைகுனிந்து நிற்பது பிள்ளை.

இந்த விஷயத்தில் சட்டம் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவு. அரசியல் சாசனம் 28(3): அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதைக் கவனிக்கணும். அரசிடம் ஒரு பைசா வாங்காத பள்ளிக்கும் இது பொருந்தும். பிரமதி தீர்ப்பு இதைத் தொடவில்லை, தொடவும் முடியாது. பள்ளி தன் ஜெபத்தை நடத்தலாம். அது அவர்கள் உரிமை. அதில் வாயசைக்க வேண்டுமா என்பது வீட்டின் முடிவு.

இதே விஷயம் தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1985-ல் கேரளாவில், கிடங்கூரில் நாயர் சங்கம் நடத்திய பள்ளியில் படித்த மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார்கள். பள்ளி வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிஜோ இம்மானுவேல் வழக்கில், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கிறிஸ்தவப் பிள்ளையின் மனசாட்சிக்கு இந்துப் பள்ளியில் கிடைத்த அந்த இடம், வாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்வரும் பிள்ளைக்கு சிஸ்டர் ஸ்கூலிலும் உண்டு. இரண்டையும் ஒரே அளவுகோலில் பேச மனசில்லாதவர்கள்தான் இந்த விஷயத்தில் சத்தம் அதிகம் போடுகிறார்கள். வெளியூர் கொடிகள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டால், மருதாணிக்காக அழுத பிள்ளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அடி, ஃபீஸ்

இந்த இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்பதால் அடிக்கலாம் என்று ஆகிவிடாது. பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைத் தாக்கினால், தேவையில்லாத உடல், மன வேதனை கொடுத்தால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவு பாயும். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ. அதைத் தெரிந்தும் மறைக்கும் நிர்வாகிக்கும் தண்டனை உண்டு. சபை, அறக்கட்டளை என்று எந்த விலக்கும் இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணும், 14417 பள்ளிக் கல்வித் துறை எண்ணும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் பொது.

ஃபீஸ் விஷயத்தில், சிறுபான்மைப் பள்ளியானாலும் லாப வேட்டையும் நன்கொடை வசூலும் கூடாது என்பது 2002 டி.எம்.ஏ. பாய், 2005 இனாம்தார் தீர்ப்புகளிலேயே முடிந்துபோன விஷயம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி சுயநிதிப் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கும். “கமிட்டி ஆர்டர் காட்டுங்க” என்று ஒரு பெற்றோர் கேட்டால் அது சண்டை இல்லை. ஆனால் அப்படிக் கேட்டவர் என்ற பெயர் ஊரில் ஒட்டிக்கொள்ளும். இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் யார் கேட்டது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

பள்ளிகள் தரப்பில் என்ன சொல்கிறார்கள்?

அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு விதிகள் இறுகின. இறுகியே ஆக வேண்டும், அதில் விவாதமே இல்லை. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய குழுமப் பள்ளிக்கு அது ஒரு கிளார்க்கின் வேலை. நூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் தலைமை சிஸ்டரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு அலைய வேண்டும். 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்த பள்ளிகளுக்கு அரசு மானியமும் கிடையாது.

25% இடம் கொடுத்தால் அரசு பணம் தருமே என்றால், 2025-ல் நடந்ததைக் காட்டுவார்கள். மத்திய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்ததில், தமிழ்நாட்டில் கோடையில் நடக்க வேண்டிய 25% சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. ‘இந்தச் சண்டைக்குள்ள எங்களையும் இழுக்கணுமா?’ என்று ஒரு சின்னப் பள்ளி கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் இந்த வாதம் பணத்துக்குப் பொருந்தும். மற்றதற்குப் பொருந்தாது. டி.சி.யை ஒரு வாரத்தில் கொடுக்க மானியம் வேண்டாம். கட்டண ஆணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டப் பசை போதும். நிர்வாகக் குழுவில் இல்லாத ஒரு பெற்றோரையும், வெளிப்பள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் புகார் கேட்க உட்கார வைப்பதால் 30(1) பிரிவு இடிந்து விழாது. பெரிய அமர்வு தீர்ப்புச் சொல்லும்போது நிர்வாக உரிமையையும் பிள்ளையின் பாதுகாப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்கணும் என்று பள்ளிகளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மேலே கும்பகோணம் மறைமாவட்டம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன; சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி - தஞ்சாவூர் திருமண்டலத்துக்கும் திருச்சியிலேயே தலைமை இடங்கள் இருக்கின்றன. ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். மதம், சாதி, ரத்த வகை, அப்பாவின் வருமானம், வேன் வேண்டுமா, வேண்டாமா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். ‘காலை ஜெபத்திலும் மத வகுப்பிலும் பிள்ளை கலந்துகொள்ள எனக்குச் சம்மதம் / சம்மதம் இல்லை’ என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்காது. அப்படி ஒன்று இருந்தாலும், பல பெற்றோர் ‘சம்மதம்’ என்றுதான் டிக் அடிப்பார்கள். அடுத்த எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அந்தப் படிவம் எப்படியும் மறுபடி அச்சுக்குப் போகத்தான் போகிறது.